ஏலமலை ஏறிய ஜப்பான் கார்

ஓடாத வண்டியை ஓட வைப்பது ஒரு தொழில். ஒழுங்காக ஓடுகிற வண்டியை இன்னும் வேகமாக ஓட வைக்கிறேன் என்று பிரித்துப் போட்டுவிட்டு முழிப்பது இன்னொரு தொழில். போடிநாயக்கனூரில் நான் வைத்திருக்கும் பட்டறை இரண்டாவது ரகம். பழைய ஜப்பான் காரை வாங்கி, வீட்டில் ஏச்சும் வாங்கி, பாகத்துக்கு நாயாய் அலைந்தவர் யாராவது இதைப் படித்தால், துணைக்கு நானும் இருக்கிறேன் என்று ஆறுதல் கொள்ளலாம்.

அடைகாத்த கார்

நானும் சரவணனும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். அவன் ஏலக்காய் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஜப்பான்காரர்கள் மலைப்பாதையில் காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு வளைவதைப் போனில் பார்த்துப் பார்த்து எங்கள் இருவருக்கும் ஒரே கிறுக்கு. போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் அந்த மாதிரிக் கார் ஒன்று சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினோம்.

கார் இருந்தது. பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காரை அசைக்க விடமாட்டேன் என்றுவிட்டார் மலையாளி மேனேஜர். மூன்று வாரம் பொறுத்து லாரியில் ஏற்றினோம். கார் நின்ற காலிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "ஞான் இனி கோழிக்கு வேற வீடு நோக்கணும், கேட்டோ!"

எட்டு மாசம்

அந்தக் காருக்கு டர்போ வைக்கவேண்டும் என்று சரவணனுக்கு வெறி. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சாமான் அது. வைத்தால் மேட்டில் வண்டி பறக்கும். ஜப்பானில் உடைத்த காரிலிருந்து கழற்றியது ஒன்றுக்குச் சொல்லி வைத்தோம். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று எட்டு மாதம் போனது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் கூரியர் ஆபீசுக்கு ஒரு நடை. கடைசியில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்த அண்ணன், "எங்க வீட்ல பிள்ளப்பேறுக்குக்கூட நான் இம்புட்டு நட நடக்கலப்பு" என்றார்.

டர்போவைச் சுற்றி ஜப்பான் செய்தித்தாள் இருந்தது. சரவணன் அதை நீவி, மடிப்பு எடுத்து, பட்டறைச் சுவரில் ஒட்டினான். என்ன எழுதியிருக்கிறது என்று பல நாள் கழித்துப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தோம். காய்கறிக் கடை விளம்பரம். சரவணன் சொன்னான்: "அங்கயும் கத்திரிக்காதான்டா விக்கிறாய்ங்க, மாப்ளே."

மூன்றே கார்

மலைப்பாதையில் நாங்கள் கள்ள ரேஸ் ஓட்டினோம் என்றால் பெரிய கும்பலை நினைத்துக்கொள்ளாதீர்கள். சரவணன், என் பழைய காரில் நான், மாட்டு டாக்டர் நிர்மலா. அவ்வளவுதான். ஞாயிறு விடியலில், எஸ்டேட் ஜீப்புகள் கிளம்புமுன், மலையடிவாரத்து முந்தலில் தொடங்கி போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவு. மேலே போனதும் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, கீழே போடியின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் வாரம் முழுக்க ஸ்பேனர் பிடித்தேன்.

டர்போ வைத்த முதல் ஞாயிறே சரவணன் தோற்றான். தன் சின்னக் காரில் சாய்ந்தபடி காத்திருந்த டாக்டர் சொன்னார்: "செனை மாடு கத்துதுன்னு போன் வந்தா நான் இதவிட வெரசாப் போவேன், சரவணா."

பதினொன்றாவது வளைவு

இன்னொரு ஞாயிறு, ஏலக்காய் பறிப்பு மும்முரமான நேரம். காய் பறிக்கும் பெண்களை ஏற்றிய ஜீப்பு ஒன்று எங்களுக்கு முன்னாலேயே ஏறி, பதினொன்றாவது வளைவில் பஞ்சராகி நின்றிருக்கிறது. பெண்கள் இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். முதலில் போன சரவணன் அவர்களைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தான். பாறையில் மோதிய சத்தம் எனக்கு இரண்டு வளைவு கீழே கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது காரின் முன்பக்கம் அப்பளமாகியிருந்தது. அவர்கள் மேல் ஒரு கீறல் இல்லை. இவனுக்கும் இல்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை அவனால் எடுக்க முடியவில்லை.

அடி விழும் என்றுதான் நினைத்தேன். வயதில் மூத்த ஓர் அம்மா வந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, தண்ணீர் கொடுத்தார். அவன் குடித்து முடித்தபிறகு சொன்னார்: "நாங்க பதினாலு பேருப்பு. பதினாலு வீட்லயும் சாயங்காலம் அடுப்பு எரியணும்."

அதோடு ரேஸை விட்டோம்.

மெதுவாக

சரவணன் மதுரையில் ஜப்பான் மொழி படித்தான். ஜப்பானில் கார் பாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டான். நொறுங்கிய கார் என் பட்டறை மூலையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.

ஒருநாள் ஆயில் மாற்ற வந்த டாக்டர், "ஏறு பாண்டி, சும்மா மேல போயிட்டு வருவோம்" என்றார். பட்டப்பகல். பஸ்சுக்குப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு ஏறினோம். பதினொன்றாவது வளைவில் டாக்டர் கியரைக் குறைத்து, பாறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மேலே வண்டியை நிறுத்தினார். பானட்டைத் திறக்கவேண்டிய அளவுக்கு இன்ஜின் சூடாகவே இல்லை. கீழே போடி வெயிலில் வெளிறிக் கிடந்தது. டாக்டர் சொன்னார்: "மெதுவா வந்தா எத்தன வளைவு, இல்ல?"

போனில் வந்த சத்தம்

போன மாதம் சரவணன் வீடியோ காலில் கூப்பிட்டான். ஏதோ ஒரு மலை உச்சியில், கார் நிறுத்துமிடத்தில் நின்றான். சுற்றிலும் நாங்கள் திரையில் மட்டுமே பார்த்த கார்கள், பானட்டைத் திறந்தபடி வரிசையாக. ஒரு கார் கிளம்பத் தயாராக உறுமியது. "மாப்ளே, போனச் சைலன்சர் பக்கத்துல கொண்டு போடா" என்று கத்தினேன். கொண்டுபோனான். கண்ணை மூடிக் கேட்டேன். சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்து அடங்கும்வரை கேட்டேன்.

"எப்படிடா இருக்கு?" என்றேன். சொன்னான்: "எல்லாம் இருக்கு மாப்ளே. நல்லா ஓட்டுனா, 'நாசமாப் போறவனே'ன்னு வையிறதுக்குத்தான் உன்ன மாதிரி ஒருத்தனும் இல்ல."

ஜப்பான் காரைப் போடியில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்ட எங்கள் கோஷ்டி, ஏலக்காய்க்கு அடுத்தபடியாக இந்த ஊரிலிருந்து ஏற்றுமதி செய்த ஒரே சரக்கு, எங்களிடம் இருந்த ஒரே நல்ல டிரைவர்தான் — டாக்டரைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.