நாங்கள் தள்ளிய கார்

"பேட்டரி போச்சுங்க. தள்ளினா கிளம்பிடும்" என்று என் காரைப் பார்த்த மெக்கானிக் சொன்னதுமே எனக்குப் புகை நாற்றம் அடித்தது. இன்று இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட நெய்வேலி குவார்ட்டர்ஸ் ஒன்றில், அம்மா வீட்டுவேலை செய்த சாரின் பழைய கார், அவர் தினமும் காலை ஷிப்டுக்குப் புறப்படும்போது அம்மா கண்ணாடியில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலைத் துடைத்து, அவளும் சின்னப் பிள்ளையான நானும் மூச்சிரைக்கத் தள்ளிய பிறகுதான், இருமி இருமிக் கிளம்பி எங்கள் முகத்திலேயே புகையைக் கக்கிவிட்டுப் போகும்.

"தள்ளிக்கினே இருந்தா இடுப்பு வுட்டுப்போவுது சார், புது பேட்டரி போடுங்க" என்றாள் அம்மா ஒருநாள்.

"நீங்க ரெண்டு பேர் இருக்கறப்ப பேட்டரி எதுக்கும்மா?"

வேலை போய்விடுமே என்ற பயத்தில் அம்மா சிரித்தாள். எனக்கு அந்தப் பயம்கூட இல்லை. நிஜமாகவே சிரிப்பு வந்தது.