காலி பெஞ்சு சொன்ன செய்தி

போன வாரம் மாடி வீட்டு ஹரிணி மொபைலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பி.எட். படிக்கிற பெண். அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் திருநின்றவூர் அபார்ட்மென்ட்டில் எண்பதைத் தாண்டிய ஆள் நான் ஒருத்திதான். ரிட்டையராகி எத்தனையோ வருஷமாகியும் எல்லாருக்கும் நான் 'டீச்சர்'.

"டீச்சர், ஏதாவது ஒரு ஊடகச் செய்தியை அலசி எழுதணுமாம். அசைன்மென்ட். இந்த வீடியோவை எடுத்துக்கலாம்னு இருக்கேன். ஒரு தடவை பாருங்களேன்."

பார்த்தேன். ஓர் அரசுப் பள்ளி வகுப்பறை. வரிசையாகக் காலி பெஞ்சுகள். பின்னணியில் வயலின் அழுகிறது. கீழே எழுத்து ஓடுகிறது — 'அரசுப் பள்ளியின் அவலம்! பிள்ளைகள் எங்கே?'

"பாவமா இருக்கு இல்ல?" என்றாள்.

"இது எந்தக் கிழமை எடுத்தது?" என்று கேட்டேன்.

முழித்தாள். "அது எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

"அப்போ விசாரி. விசாரிச்சுட்டு அழு."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்கு வேலை ஓடவில்லை. ஐம்பதுகளில் பார்த்த வேறு சில பெஞ்சுகள் ஞாபகத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டன...

அப்போது நான் திருவள்ளூரில் ஆசிரியப் பயிற்சி மாணவி. இரட்டைப் பின்னல், கைத்தறிப் புடவை, உலகத்தையே திருத்திவிடுகிற வேகம். எங்கள் ஹாஸ்டலுக்குத் தினமும் ஒரே ஒரு பேப்பர் வரும். அதை வார்டனம்மா முதலில் படிப்பார். படிப்பதோடு விட்டால் பரவாயில்லையே! கையில் கத்தரிக்கோல் இருக்கும். சினிமா விளம்பரம், காதல், கொலை, ஓடிப்போனவர்கள் — பெண் பிள்ளைகள் பார்க்கக் கூடாதது எல்லாம் கட். எங்களிடம் வரும்போது பேப்பரில் நாலைந்து ஜன்னல் திறந்திருக்கும். ஜன்னல் வழியாக எதிரே உட்கார்ந்திருப்பவளின் கண் தெரியும்.

விடுவோமா? ஓட்டைக்கு மேலே என்ன தலைப்பு இருந்திருக்கும், கீழே எந்த ஊர், யாரைச் சொல்கிறான் என்று அரட்டை நடக்கும். அதில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தச் செய்தியைப் படித்தாலும், இதில் இல்லாதது என்ன என்று தேடுகிற பழக்கம். ஹரிணிக்கு அதற்கு ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வார்டனம்மாவின் கத்தரிக்கோல்!

பயிற்சியில் இன்னொரு விஷயமும் உண்டு. விதவிதமான பள்ளிக்கூடங்களைப் பார்த்து வர வேண்டும். தக்ளியில் நூல் நூற்றுக்கொண்டே வாய்ப்பாடு சொல்லும், காந்தி வழி ஆதாரப் பள்ளியைப் பார்த்தோம். மணி அடித்தால் பொம்மை மாதிரி எழுந்து நிற்கும் மிஷன் பள்ளியைப் பார்த்தோம். பழவேற்காட்டில் மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகள் முன்னும் பின்னும் ஆடியபடி ஓதுகிற மதரஸாவையும் பார்த்தோம். எது சிறந்த முறை என்று ராத்திரியெல்லாம் சண்டை போட்டோம். பதினெட்டு வயதில் எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரு தீர்ப்பு இருக்கும், இல்லையா?

கடைசியில் என்னைப் பயிற்சிக்குப் போட்டது பழவேற்காடு ஏரிக்குள் இருந்த ஒரு மீனவக் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில். கரி எஞ்சின் ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ், அப்புறம் தோணி. ஓலைக் கூரை, ஒரே அறை, ஒரே வாத்தியார். ஞானமுத்து என்று பெயர். பழவேற்காட்டு வியாபாரி ஒருவர் தானமாகக் கொடுத்த பெஞ்சுகள் மட்டும் புதுசு. அந்தப் பெஞ்சுகளில் எண்ணெய் வழியும் தலைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். இப்போதும் அந்த வாசனை எனக்கு வருகிறது... தேங்காயெண்ணெயும் காய்ந்த மீனும் சிலேட்டுத் துடைத்த ஈரமும் சேர்ந்த வாசனை. எந்த சென்ட்டும் அதற்குக் கிட்டே வராது.

அந்தக் கூட்டத்தில் கன்னியம்மா என்று ஒருத்தி. பத்து வயசிருக்கும். எழுத்து எங்கே கிடைத்தாலும் படிப்பாள். சோப்புப் பெட்டி, மளிகை கட்டி வந்த காகிதம், என் குடையில் இருந்த கம்பெனிப் பெயர்... எதையும் விடமாட்டாள்.

ஒரு நாள் காலை ஞானமுத்து வாத்தியார் ஒரு பேப்பரோடு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "எல்லாம் பேஜாராப் போச்சும்மா" என்றார்.

மெட்ராஸ் பேப்பர். எங்கள் குப்பத்தைப் பற்றித்தான். 'ஏரிக்கரையில் ஆளில்லாப் பள்ளி' என்று தலைப்பு. நிருபர் வந்தபோது மூன்றே மூன்று குழந்தைகள்தான் இருந்தார்களாம். 'இக்குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியில் நாட்டமில்லை. இங்கே எந்த ஒழுங்கும் இல்லை' என்று முடித்திருந்தார். அதைப் படித்துவிட்டு மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகிறார். ஆளில்லை என்று அவரும் சொல்லிவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். அப்புறம் படிக்க வேண்டுமானால் தோணி ஏறிப் பழவேற்காடு போக வேண்டும். பையன்கள் நாலு பேர் போவார்கள். பெண் பிள்ளையைத் தினமும் யார் தண்ணீர் தாண்டி அனுப்புவார்கள்? கன்னியம்மாவின் படிப்பு அன்றோடு சரி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாயங்காலம் வலை காயப்போடும் மணலில் குப்பத்து ஜனங்களைக் கூட்டி, செய்தியை உரக்கப் படித்தேன். பெரியவர் தேசப்பன் — ஊரே அவரை 'நைனா' என்றுதான் கூப்பிடும் — பீடியைக் கீழே வைத்தார்.

"அந்த ஆளு எப்போ வந்தாரும்மா?"

வாத்தியார் யோசித்துச் சொன்னார்: "நீங்கள்லாம் பாடு பிரிச்ச அன்னிக்கி, நைனா."

பாடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. நல்ல இடத்துக்கு அடிதடி வரக் கூடாதே! அதனால் குப்பத்துக் குடும்பங்களை மூன்று பிரிவாகப் பிரித்து, முறை வைத்து வலை போடுவார்கள். அந்த முறைதான் பாடு. இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. பசித்தாலும் அடுத்தவர் பாடு அன்று வலையை நனைக்க மாட்டார்கள். வருஷத்தில் ஒரு நாள் கோயில் முன்னால் கூடி, சீட்டுப் போட்டு அதைப் பிரிப்பார்கள். அன்றைக்குக் குப்பத்தில் அடுப்புக்கூட எரியாது. ஒன்றிரண்டு பேர் தவிர பிள்ளை குட்டி எல்லாம் கோயிலில்தான்.

"அன்னிக்கி வந்துகினு, புள்ளைங்களே இல்லன்னு எழுதிக்கினு பூட்டானா?" நைனா எழுந்து நின்றுவிட்டார். "திருநாளுக்கு ஊட்டைப் பூட்டிக்கினு போனா, அந்த ஊட்ல ஆளே இல்லன்னு எழுதுவானா?"

"எங்கள ஒரு வார்த்த கேட்டானா அவன்?" என்றாள் கன்னியம்மாவின் அம்மா.

பாருங்கள்... எப்போது பார்த்தாய், யாரைக் கேட்காமல் விட்டாய்? ஹாஸ்டலில் நாங்கள் ஓட்டைப் பேப்பரை வைத்துக்கொண்டு கேட்ட அதே கேள்விகள்!

அந்த ஜோரில் நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். "ஒழுங்கில்லைன்னு எழுதிட்டாங்க. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு நம்ம ஒழுங்கு என்னன்னு காட்டணும்!"

"நாங்க பாத்துக்கறோம் டீச்சரம்மா. நீ கவலப்படாத" என்றார் நைனா. நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நாளும் வந்தது. இன்ஸ்பெக்டர் தோணியிலிருந்து இறங்கும்போதே பேன்ட் முழங்கால்வரை நனைந்து, முகம் கடுகடுவென்று இருந்தது. நான் ஓடிப்போய் வகுப்பைப் பார்த்தேன்.

மூன்றில் இரண்டு பங்கு பெஞ்சு காலி!

முன்வரிசையில் மட்டும் பிள்ளைகள் விறைப்பாகக் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கன்னியம்மா இல்லை. ஞானமுத்து வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது.

"பேப்பர்ல போட்டது சரிதான் போல" என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன். வேலிக்கு வெளியே... மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் நிற்கிறார்கள்! தலைவாரி, பொட்டு வைத்து, சிலேட்டை மார்போடு அணைத்தபடி, சத்தமே இல்லாமல். காலை வெயில் முகத்தில் அடிக்கிறது. ஒருத்தரும் நகரவில்லை.

இன்ஸ்பெக்டரும் பார்த்துவிட்டார். விடுவிடுவென்று வெளியே போனார். "ஏன் இங்க நிக்கறீங்க? உள்ள வர இஷ்டமில்லையா?"

கன்னியம்மாதான் பதில் சொன்னாள். "இன்னிக்கி எங்க பாடு இல்ல சார். எங்களுது நாளன்னிக்கி." கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கும் வருவீங்களா சார்?" என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஒழுங்கைக் காட்டச் சொன்னது நான்தானே? அவர்களுக்குத் தெரிந்த ஒழுங்கிலேயே உசத்தியான ஒழுங்கைக் காட்டியிருக்கிறார்கள்! இன்ஸ்பெக்டர் வருகிற நாள் நல்ல நாள், எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடித்தால் சண்டை வரும். சீட்டுப் போட்டுப் பிரித்துவிட்டார்கள், நல்ல இறால் விழுகிற இடத்தைப் பிரிப்பதுபோல.

நைனா பெருமையாக நடந்துவந்து எல்லாவற்றையும் விளக்கினார். இன்ஸ்பெக்டர் முகத்தில் கடுகடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"சரி, சரி. எல்லாரும் உள்ள வாங்க" என்றார்.

ஒரு பிள்ளை அசையவில்லை! எல்லாரும் நைனாவைப் பார்த்தார்கள். நைனா ஜன்னல் வழியாக உள்ளே இருந்தவர்களைக் கேட்டார்: "இன்னாடா, இன்னிக்கி உங்க பாடு. இவங்களுக்கு எடம் குடுக்கறீங்களா?"

"குடுக்கறோம் நைனா!"

அதற்கப்புறம்தான் வேலி திறந்தது. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, பெஞ்சு நிரம்பி, தரை நிரம்பி, இன்ஸ்பெக்டருக்கே நிற்க இடமில்லை. கன்னியம்மாவைக் கூப்பிட்டு, ஏதாவது படி என்றார். மேஜைமேல் என் பைக்கு அடியில் அந்தப் பேப்பர் கிடந்தது. அவள் அதை எடுத்துவிட்டாள். நான் தடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"இக்குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியில் நாட்டமில்லை..."

ஓர் எழுத்துத் தடங்கல் இல்லை. கணீரென்று படித்தாள். முற்றுப்புள்ளியில் நின்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நாட்டம்னா இன்னா டீச்சரம்மா?" என்றாள்.

இன்ஸ்பெக்டர்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெயில்ல நின்னியே, அதாம்மா."

பள்ளிக்கூடத்தை மூடவில்லை. நான் அன்றைக்குத் தோணியில் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது வழியெல்லாம் அழுதேன், சிரித்தேன். தோணிக்காரர் பயந்துபோய், "இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கன்னியம்மா பிறகு எவ்வளவு தூரம் படித்தாளோ, எங்கே வாழ்க்கைப்பட்டாளோ... தெரியவில்லை. இப்போது எங்கேயாவது பேப்பர் படித்துக்கொண்டிருப்பாள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று ஹரிணி படியிறங்கி ஓடிவந்தாள். அந்த ஊரில் இருக்கும் தோழியை விட்டு விசாரித்திருக்கிறாள். "டீச்சர், அது ஞாயித்துக்கிழமை எடுத்த வீடியோவாம்!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளுக்குக் குப்பத்துக் கதை முழுவதையும் சொன்னேன். அப்புறம் கேட்டாள், "உங்க குப்பத்துப் பள்ளிக்கூடம் நிறைஞ்சதே, அதை அந்தப் பேப்பர்ல போட்டாங்களா டீச்சர்?"

போடவில்லை. ஒரு மாசம் தேடினேன்... வார்டனம்மா வெட்டிய ஓட்டைகளில்கூட!