பெரட்டு எடுத்த பெரிய தொரை

ஜெலாப்பாங்கில் நாங்கள் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் பெரிய தொரை என்றால் கணினியைப் பார்த்துக்கொள்ளும் தினேஸ்வரிதான். எங்கள் சோதனைப் பதிவு, லாரிச் சீட்டு எல்லாம் ஒரு யூனிக்ஸ் கணினியில் ஓடுகின்றன. அதில் எதையும் மாற்றவும் அழிக்கவும் உரிமையுள்ள கணக்குக்கு ரூட் என்று பெயர். அவள் அதைப் பெரிய தொரை என்பாள். சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த அவளுடைய அப்பா பத்துமலை, தோட்டத்தையே ஆண்ட மேலாளரான பெரிய தொரையின் ஜீப்பைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர். மகளிடம் இப்போது தொரையின் கடவுச்சொல். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், மறைப்பானேன்?

ஆனால் அந்தத் தொரைச் சட்டையை எந்நேரமும் மாட்டிக்கொண்டு திரிய மாட்டாள். தன் பெயரில்தான் உள்ளே நுழைவாள். தேவையான ஒரு கட்டளைக்கு மட்டும் தொரையாவாள், உடனே இறங்கிவிடுவாள்.

"தொரையா இருந்துகிட்டு தப்பா தட்டிட்டா, ஏன்னு கேக்க மிஷினுக்கு வாய் இல்ல லா."

போன வெள்ளிக்கிழமை கணினி திணறியது. லாரி வாசலில் நிற்கிறது, சீட்டு அச்சாகவில்லை. பேக்கிங் பகுதியிலிருந்து நான் ஓடி வந்தேன். மேனேஜர் லியோங், சுவிட்சை அணைத்துப் போட்டால் முடிந்தது என்றார்.

"பெரட்டு எடுக்காம அணைக்க மாட்டேன், பாஸ்."

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலை ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. இவளுக்கு, கணினிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. வேலையை அடைத்துவிட்டு வெளியே வரும்படி எல்லாத் திரைக்கும் அறிவிப்பு அனுப்பினாள். பெயர்கள் மறைந்தன. சோதனைக்கூடத்து ஸ்டானிஸ்லாஸ் மட்டும் பாக்கி. கையுறைகளில் தண்ணீர் ஊற்றி ஓட்டை பார்க்கிறவர் அவர். சோதித்தவை குப்பைக்குப் போய்விடும். கணினியை அணைத்ததில் பதிவு தொலைந்தால் முதலிலிருந்து சோதிக்க வேண்டும், லாரி வெறுமனே திரும்பும்.

தினேஸ்வரி போன் போட்டாள். "அண்ணே, அடைச்சிட்டீங்களா?"

"அப்பவே அடைச்சாச்சு, தங்கச்சி!"

லியோங் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். அவள் மறுபடி பெரட்டு எடுத்தாள். பெயர் அங்கேயே இருந்தது.

"அதான் அடைச்சிட்டேன்னாரே?" என்றேன்.

"பேரு இருக்கே, அக்கா. வாங்க."

சோதனைக்கூடத்தில் ஸ்டானிஸ்லாஸின் திரை இருட்டாக இருந்தது. எங்கள் பேச்சில் அணைப்பதும் அடைப்பதுதான்; லைட்டையும் அடைப்போம், ஃபேனையும் அடைப்போம். மனுஷன் திரையின் பொத்தானை அமுக்கி அடைத்திருக்கிறார்! தினேஸ்வரி அதைத் தட்டினாள். காலையிலிருந்து பதிந்தது அத்தனையும் சேமிக்காமல் நின்றது.

"ஐயோ, மாதாவே!" என்று தலையில் கை வைத்தார்.

"ஒண்ணும் ஆவல. சேவ் பண்ணிட்டு லாக் அவுட் பண்ணுங்க."

திரும்பி வந்து பெரட்டு எடுத்தாள், உள்ளே யாருமில்லை. தொரையானாள். ஒரே கட்டளை. கணினி தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, அடங்கி, மீண்டும் எழுந்தது. சீட்டு அச்சானது, லாரி கிளம்பியது. லியோங்கே எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வரவழைத்தார்.

சாயங்காலம் அவள் கேண்டீனுக்கு வந்தபோது ஸ்டானிஸ்லாஸ் நாற்காலியைத் தள்ளி எழுந்தார். "பெரிய தொரை வாராங்க, எல்லாரும் எந்திரிங்க!"

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், ஆனால் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"உக்காருங்க அண்ணே. தொரை அப்பவே இறங்கிட்டாரு. எங்கப்பா நின்னதே போதும்."