காட்டெருமை முன்னால் எடுத்த பொசிஷன்

ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றுக் குன்னூர் திரும்பியதும் ஒரு வங்கியில் காவலாளி வேலை கிடைத்தது. முதல் நாளே, அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்த மேலாளரை உள்ளே விடாமல் மழையில் நிறுத்திவைத்தேன். மறுநாள் மழையில் நின்றது நான், வேலையில்லாமல்.

அடுத்து கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசர். "ஒரு வாரம் பாருங்க. கொழுந்து பறிக்கிறவங்க உங்களை ஏத்துக்கிட்டா வேலை உங்களுக்குத்தான்" என்றார் மேனேஜர்.

"இதையும் தொலைச்சுட்டு வந்தீங்கன்னா ஊட்டு வாசல்ல செக்போஸ்ட் போட்டிருவேன்" என்றாள் மனைவி. போடக்கூடியவள்தான்.

எனக்கோ ஒரே துள்ளல். கஞ்சி போட்ட சட்டை, முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் போட்ட பூட்ஸ். முதல் நாள் காலையில் பெண்களை உயரப்படி வரிசையில் நிற்கச் சொன்னேன்.

"ஏனுங்க சார், எங்க உயரத்தப் பாத்தா கொழுந்து வருது?" என்றார் அவர்களில் மூத்தவர். வரிசை கலைந்தது. என் கம்பீரமும்.

வார நடுவில் ஒரு காலை, பனி விலகும்போது மேலே புதர் அசைந்தது. காட்டெருமை! எல்லையில்கூட என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை.

"எல்லாரும் படுங்க!"

கத்திக்கொண்டே தேயிலைச் செடிக்கடியில் பாய்ந்து பொசிஷன் எடுத்தேன். துப்பாக்கி இல்லாததால் குடையை நீட்டிக் குறிபார்த்தேன். திரும்பினால், ஒருத்தர்கூடப் படுக்கவில்லை. கூடையோடு ஓரமாக ஒதுங்கி, அசையாமல் நின்றிருந்தார்கள்.

"சத்தம் போடாதீங்க சார். தெனமும் ஓடைக்குப் போற காட்டுமாடுதானுங்க" என்று மெல்லச் சொன்னார் மூத்தவர்.

மாடு நின்று, என்னைப் பார்த்து ஒரு மூச்சு விட்டது. பிறகு, பொழுதை வீணாக்க வேண்டாம் என்பதுபோல நடந்தது.

"எந்திரிங்க சார், எதிரி போயாச்சு!"

தோட்டமே சிரித்தது. என் கழுத்தில் ஒரு அட்டை நிம்மதியாக ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மேனேஜர் அவர்களிடம் கேட்டார்: "இவரை வெச்சுக்கலாமா?"

விறைப்பாக அட்டென்ஷனில் நின்றேன்.

"வெச்சுக்கலாமுங்க" என்றார் மூத்தவர். "மாடு வருதான்னு இனிமே நாங்க நிமிந்து பாக்க வேண்டாம். சார் படுத்தா வந்திருச்சுன்னு அர்த்தம்."

ஓடிப்போய் மனைவிக்குப் போன் போட்டேன். "செக்போஸ்ட்டைத் தூக்கு! வேலை கிடைச்சிருச்சு!"

கத்திய கத்தலில் பக்கத்துப் புதர் அசைந்தது. நான் படுக்கவில்லை. லேசாகக் குனிந்தேன், அவ்வளவுதான்.