பாஸ் போட்டதை எதிர்த்து ஃபெர்மீன் குய்ஸா போட்ட மனு

எங்க சுக்ரே ஊர்ல சட்டக் கல்லூரி ஃபுட்பால் டீமுக்கு கோல்கீப்பர் ஃபெர்மீன் குய்ஸா. வயசு முப்பத்தெட்டு. பத்தொன்பது வருஷமா ஸ்டூடண்ட்! தலைல பாதி முடி காணோம், மழை வர்றதை வானிலைக்காரனுக்கு முன்னாடி அவர் முட்டி சொல்லிடும். ஸ்டூடண்ட் கார்டு ஃபோட்டோல மட்டும் இன்னும் பச்சப்புள்ள.

மகா கோல்கீப்பர்னு நெனச்சுடாதீங்க. கார்னர் வந்தா கண்ணை மூடிக்குவார். ஆனா ஒண்ணு சொல்றேன். போன வருஷம் நான் ஒரு பெனால்டியை வானத்துக்கு அடிச்சேன். மனுஷன் அந்தக் கோடிலேர்ந்து இந்தக் கோடி வரைக்கும் ஓடிவந்து ரெஃபரியைப் பிடிச்சுக் கத்து கத்துன்னு கத்துனார். எதுக்குன்னு ரெஃபரிக்கும் தெரியல, எனக்கும் தெரியல. மஞ்சக் கார்டு வாங்கினார். அப்புறம்தான் ஒறைச்சுது, அந்த நேரம் முழுக்க ஒருத்தன்கூட என்னைப் பாக்கல. அழுதுட்டேன்ப்பா.

கல்லூரிகள் கோப்பைல ஆடணும்னா ஸ்டூடண்டா இருக்கணும். அதனால எல்லாப் பாடத்தையும் முடிச்சுட்டு, சுரங்கச் சட்டத்துல மட்டும் வருஷா வருஷம் ஃபெயில் ஆவார். பதிமூணு தடவை. பழைய வாத்தியார் தங்கமானவர், சரியா அம்பது மார்க் போட்டுடுவார். பாஸுக்கு அம்பத்தொண்ணு.

இந்த வருஷம் அவர் ரிட்டயர்டு. புதுசா வந்தாங்க நொயெமி உர்கீசு மேடம். பரீட்சை நாப்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் நாலு பதில், ஒண்ணை டிக் பண்ணணும். ஃபெர்மீன் சிரிச்சுக்கிட்டே எழுதிட்டு வந்தார். வியாழக்கிழமை லிஸ்ட் ஒட்டுனாங்க. குய்ஸா, ஃபெர்மீன்: நூறு. பாஸ்.

சனிக்கிழமை மருத்துவக் கல்லூரியோட ஃபைனல்!

முகம் செத்துப்போச்சு மனுஷனுக்கு. தனியா போகப் பயந்து என்னையும் இழுத்துக்கிட்டு மேடம் ரூமுக்கு ஓடினார்.

"மேடம், நாப்பதும் தப்பா எழுதியிருக்கேன். எப்படி மேடம் பாஸு?"

"நாப்பதும் தப்பா எழுதியிருக்கீங்க, அதனாலதான். கண்ணை மூடிட்டு டிக் அடிச்சாலே பத்து சரியா வரும். ஒண்ணுகூட தப்பித்தவறி சரியா வரலன்னா நாப்பதுக்கும் சரியான பதில் தெரிஞ்சவர்னு அர்த்தம்."

தெரியாம இருக்குமா? அவர் சம்சாரம் ஜானெத் காலேஜ் வாசல்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காங்க. சுரங்கச் சட்ட நோட்ஸை இவர்தான் வருஷம் நூறு காப்பி எடுக்குறார்!

"கொஞ்சம் மனசு வெச்சு ஃபெயில் பண்ணுங்க மேடம்."

"மார்க் தப்புன்னா மனு குடுங்க வக்கீலய்யா. கமிட்டி விசாரிக்கும். தீர்ப்பு வர்ற வரைக்கும் மார்க் செல்லாது."

மேடம் நக்கலாத்தான் சொன்னாங்க. இவர் கண்ணு மின்னுச்சு.

கடைல உக்காந்து பதினோரு பக்கத்துக்கு மனு. தனக்கு சட்ட அறிவே கிடையாதுன்னு ஏழு சட்டப் பிரிவு காட்டி நிரூபிக்கிறார்! ஜானெத் அக்கா ஒவ்வொரு பக்கமா ஜெராக்ஸ் போட்டுக்கிட்டே சொன்னாங்க.

"ஊருல புருஷன் பாஸானா கறி அடைச்ச சால்டேனியா வாங்கி ஊருக்கே குடுப்பாளுங்க. எனக்கு வாய்ச்சது, பாஸாயிட்டேன்னு ஒப்பாரி வைக்குது."

"ஜானெத், இது உரிமைப் பிரச்சினை."

"ஆமாமா. கார்னர்ல கண்ணை மூடுற உரிமை."

வெள்ளிக்கிழமை மனு ஏத்துக்கிட்டாங்க. விசாரணை திங்கக்கிழமை. அதனால சனிக்கிழமை ஃபெர்மீன் கோல்ல நின்னார். நாலுக்கு ஒண்ணு தோத்தோம். நாலாவது கோல் அவர் காலுக்கு நடுவுல, அவசரமே இல்லாம, நடைபயிற்சி மாதிரி போச்சு. அப்பவும் எங்க பக்கத்து பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்னு கை தட்டுச்சு. எதுக்குன்னு கேக்காதீங்க. நானும் தட்டினேன், மைதானத்துக்குள்ள நின்னுக்கிட்டே!

திங்கக்கிழமைதான் நெஜமான ஃபைனல். மனு தள்ளுபடியானா அன்னிக்கே டிகிரி கைக்கு வந்துடும், அன்னியோட கோல்கீப்பர் உத்தியோகம் காலி. எங்க டீமே கமிட்டி ரூம் வாசல்ல நிக்குது. மேடம் உள்ள பேப்பரோட ரெடி. அப்போ மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தார் டாக்டர் அராமயோ. மருத்துவக் கல்லூரி டீமோட கோச்!

போச்சுடா, புகார் குடுக்க வந்துட்டார்னு நெனச்சோம். அவர் நேரா ஃபெர்மீன் கையில ஒரு கவரைக் குடுத்தார்.

"மெடிக்கல் சர்டிஃபிகேட் தம்பி. முட்டி வலி, ஆறு மாசம் விசாரணைக்கு வர முடியாதுன்னு எழுதியிருக்கேன். வாய்தா கேளுங்க."

"டாக்டர்... நீங்க எதுக்கு எனக்காக..."

"என்னப்பா பேசுற? உன்னை மாதிரி ஒரு கோல்கீப்பரை எதிர்டீம்ல நான் எங்க போய் தேடுவேன்? ஆறு மாசம் கழிச்சு வா, வேற வியாதி எழுதித் தர்றேன்."

ஃபெர்மீனுக்கு கண்ணு கலங்கிடுச்சு. எங்களுக்கும்தான்! முட்டி வலியாம், மனுஷன் ஒரே தாவுல வாசப்படியைத் தாண்டி உள்ள ஓடினார். அவர் கேட்ட வாய்தாவுக்கு கமிட்டி ரெண்டு நிமிஷத்துல சரின்னுடுச்சு. உர்கீசு மேடம் மட்டும் வெளிய வர்றப்போ சொன்னாங்க:

"முதல் கேஸை ஜெயிச்சுட்டீங்க, வக்கீலய்யா."

"ஐயய்யோ, வெளிய சொல்லிடாதீங்க மேடம்."