மடியில் இருந்த ரோட்டர்

கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்ட லயத்தில் கார் திருடர்களுக்குப் பயந்து, அப்பா தினமும் இரவு என்ஜினில் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டரைக் கழற்றிச் சாமி மேடையில் வைத்துவிடுவார். கட்டைவிரல் அளவு துண்டுதான். அது இல்லாமல் அந்தப் பழைய காரை எந்தக் கொம்பனாலும் கிளப்ப முடியாது. எங்கள் முருகனுக்குக் காவல்கார ஜாகா வேலையும் சேர்ந்துகொண்டது.

அன்று அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நாள். இனிப்புநீர் வியாதியால் அழுகிய இடது பாதத்தை எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடிந்ததுமே அப்பா ரோட்டரை மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். வந்து சாவியைத் திருகினால், என்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

செரண்டாவிலிருந்து அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்த மாமா, அம்மாவின் தம்பி, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினார். ஹாரன் பலமாக அடித்தது, பேட்டரியில் கோளாறில்லை. பெட்ரோல் வாடையும் வந்தது. பிளக்கைக் கழற்றிச் சோதித்தார். பொறி இல்லை.

“மூடியத் தொறந்து பாக்கவா மச்சான்?”

“இப்பத்தானே நானே மாட்டுனேன் லா! நீ காயிலப் பாரு.”

தன் கையால் செய்த வேலையை அப்பா சந்தேகிக்கவே மாட்டார். பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றினார்கள், துடைத்தார்கள், மறுபடி மாட்டினார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அம்மா வாசல் நாற்காலியில், கட்டுப்போட்ட காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

எனக்கு ஒன்பது வயது, மகா வாயாடி. அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா பானெட்டைத் தூக்கியதையும், எதையோ எடுத்துச் சாரோங் மடியில் முடிந்ததையும் பார்த்திருந்தேன். கார் ரிப்பேர் என்றால் அப்பாவுக்கு டார்ச் பிடிப்பது அம்மாதான். எது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. இரண்டு பெரிய மனுசர்கள் திணறுவதை நான் தீர்த்துவைக்கப் போகிற பெருமை எனக்கு.

“அம்மா மடியில இருக்குப்பா!”

அம்மா என்னைத் திட்டவில்லை. முடிச்சை அவிழ்த்து ரோட்டரை அப்பாவிடம் நீட்டினார்.

“இன்னும் ஒரு நாளு நடந்துக்கலாம்னு பாத்தேங்க,” என்றார்.

அப்பா அதை வாங்கிப் போய் மாட்டினார். மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரே திருகலில் என்ஜின் பிடித்தது. ஆனால் கெட்டிக்காரி என்று என்னை ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஓடுகிற என்ஜினையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் அம்மா வாசலிலிருந்து கார் வரைக்கும், யார் தோளையும் பிடிக்காமல், தன் இரண்டு காலில் நடந்து போயிருக்கிறார். ஐயோ, ஒரு தடவை திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லையே எனக்கு.