எலும்போடு கொஞ்சம் மான் இறைச்சி

பேர்லின் மதில் உடைந்ததை ஹைமில் இருந்த ஒரேயொரு டிவியில் நின்றபடி பார்த்தோமே, அந்த மாரியில்தான் இங்கே முதன்முதலாக மான் இறைச்சி வாங்கினேன். ஹைம் என்றால் அகதிகளுக்கு அரசாங்கம் தந்த விடுதி. நேற்று இந்த ஜெர்மனியின் ஹம் நகரத்து சூப்பர்மார்க்கெட்டில் குளிர்ப்பெட்டிக்கு முன்னால் நின்று எரிச்சல்பட்டபோது அதெல்லாம் நினைவுக்கு வந்தது.

வேட்டை இறைச்சிக்கு இங்கே வில்ட் என்று பெயர். வில்ட் இருக்கிறதா என்று அங்கே வேலை செய்த பெட்டையைக் கேட்டேன். சிரித்துக்கொண்டு வில்ட்லாக்ஸ் பெட்டியை நீட்டினாள். அது மீன்! பிறகு நானே கிளறி ஒரு மான் பொட்டலம் எடுத்தேன். எலும்பில்லை, சவ்வில்லை, சவர்க்காரக் கட்டி மாதிரி. வந்ததோ நியூசிலாந்திலிருந்து. எங்களைவிடத் தூரத்து அகதி.

எனக்கு வேண்டியது எலும்பு. ஹைமில் எங்களோடு இருந்த சிவம் அண்ணை இப்போது பராமரிப்பு இல்லத்தில் கிடக்கிறார். கொஞ்ச நாளாக அவருக்கு ஒரு வாய் சோறும் இறங்குவதில்லை. போன கிழமை பார்க்கப் போனபோது கையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, அந்த ஹைம் மான் எலும்புக் குழம்பு வச்சுக் கொண்டுவாவன்."

அவராக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

அந்த நாளில் ஹைமுக்குப் பின்னால், காட்டோரம், ஒரு ஜேகர் இருந்தார். ஜேகர் என்றால் வேட்டைக்காரர். தன் கராஜில் வைத்து மானை வெட்டி விற்பார். தொடை இறைச்சி வாங்க எங்களுக்கு ஏது வசதி? நான் கழுத்தையும் நெஞ்செலும்பையும் விரலால் காட்டினேன். அவர் "வீஃபீல்" என்று தொடங்கி ஏதோ கேட்டார். வீஃபீல் என்றால் எத்தனை என்பது மட்டும் எனக்குத் தெரியும். எத்தனை பேர் என்று கேட்கிறாராக்கும் என்று ஐந்து விரலையும் விரித்தேன். மனுசன் மலைத்துப்போய்ப் பை நிறையத் தந்தார். அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் தந்தார்.

ஒருநாள் அவரே ஹைமுக்கு வந்து கதவைத் தட்டினார். உள்ளே நாங்கள் ஐந்து பேரும் சுற்றியிருந்து எலும்பு உறிஞ்சிக்கொண்டிருந்தோம். எங்களுக்குள் ஜெர்மன் தெரிந்தவர் சிவம் அண்ணை ஒருவர்தான். அவர் எழும்பிப் போய்க் கதைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய், நீ அண்டைக்கு ஐஞ்சு நாய் இருக்கெண்டு சொன்னியாம். அவன் நாயளைப் பாக்க வந்து நிக்கிறான்!"

"நான் எங்களையெல்லோ காட்டினனான்!"

"நல்ல காலம், குலைச்சுக் காட்டச் சொல்லேல்லை."

ஜேகருக்கும் ஒரு கோப்பை குழம்பு ஊற்றினோம். உறைப்பில் மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுகக் குடித்தார். கோப்பையை மட்டும் கீழே வைக்கவில்லை.

அந்த ஜேகர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கராஜில் இப்போது யாரோ மின்சாரக் கார் விடுகிறார்கள். இறைச்சிக்கடையில் கேட்டால், எலும்பைக் கழித்துத்தான் தங்களுக்கே வருகிறதாம். இன்னொரு ஜேகருக்கு மகளைக் கொண்டு போன் எடுத்தேன். முழு மானையும் ரெஸ்டோரண்ட்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்களாம். இந்தக் காட்டில் இத்தனை மான் ஓடுகிறது, ஒரு சட்டி குழம்புக்கு எலும்பு இல்லை என்றால் ஆத்திரம் வராதா?

உங்களுக்கு ஜேகர் யாரையாவது தெரிந்தால், அல்லது தெரிந்த ஆளைத் தெரிந்தால், கொஞ்சம் சொல்லிவிடுங்கள். கழுத்துத் துண்டு போதும். அண்ணைக்குக் கடிக்கப் பல்லில்லை, உறிஞ்சத்தான். கெதியாகச் சொல்லுங்கள்.